வெளியே போக முடியாதவர்

கதவு என் முகத்தைப் பார்த்தது. நான் கதவைப் பார்த்தேன். இருவருக்கும் பிடிக்கவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. சுவருக்குள் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"என்னடா பண்ணின?" சித்தி கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல சித்தி. மூஞ்சியக் காட்டினேன்."

"அதத்தான் கேட்டேன்."

சித்தி எனக்கு நிஜமாகவே சித்தி, அம்மாவின் தங்கை. பல வருஷம் வங்கியில் உட்கார்ந்து கையெழுத்து சரிபார்த்தவள். போலிக் கையெழுத்துகளைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், போலி மனிதர்களைப் பிடிக்கலாம் என்று துப்பறியும் அலுவலகம் திறந்தாள். நான் அவளுடைய உதவியாளன். என் பெயரை யாரும் சொல்வதில்லை. சின்ன வயதில் வைத்த 'வாலு' அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

நாங்கள் நின்றிருந்தது ஒரு மருந்துக் கிடங்கின் உடை மாற்றும் அறை. ஒரு பக்கக் கதவு நடைக்கும், எதிர்ப்பக்கக் கதவு குளிர் அறைக்கும் போகும். நடுவில் ஒரு பெஞ்சு, கொக்கிகளில் தொங்கும் நீல அங்கிகள், தொப்பியும் முகமூடியும் நிரம்பிய அட்டைப் பெட்டி. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். கதவுகளில் கைப்பிடி கிடையாது, சாவித்துவாரம் கிடையாது. கைபேசி அளவில் ஒரு கறுப்புக் கண்ணாடி மட்டும் இருந்தது. அதில் முகத்தைக் காட்ட வேண்டும். தெரிந்த முகமென்றால் பச்சை, தெரியாததென்றால் சிவப்பு. வாசல் கேட்டிலும் இதே ஏற்பாடுதான், உள்ளே வரவும் வெளியே போகவும்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் ஸ்டோர் அம்மா. கிடங்கின் சரக்கெல்லாம் அவர் பொறுப்பு. காலையில் வேலைக்கு வந்து அங்கி மாட்டிக்கொண்டிருந்தபோது மெஷினில் அவர் முகத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதிலிருந்து இரண்டு கதவும் அவருக்குத் திறக்கவில்லை. காரணம், முந்தாநாள் சாயங்காலம் குளிர் அறையிலிருந்து புற்றுநோய் ஊசி மருந்து ஒரு பெட்டி காணாமல் போயிருந்தது. அந்த நேரத்தில் குளிர் அறையைத் திறந்தது ஸ்டோர் அம்மாவின் முகம் என்று மெஷின் சொன்னது. தான் அப்போது பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததாக ஸ்டோர் அம்மா சொன்னார். எல்லோரும் மெஷினைத்தான் நம்பினார்கள்.

வெளியூரில் இருந்த முதலாளிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. சித்திக்குப் போன் செய்தார். "சாயங்காலம் போலீஸோட வர்றேன். அதுக்குள்ள அந்தம்மாதானா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. அதுவரைக்கும் அங்க உங்க வார்த்தைதான். மெஷின்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்." மெஷின்காரர் என்றால் அந்த முகம் பார்க்கும் சாதனங்களை மாட்டி, தன் ஊரில் உட்கார்ந்தபடியே பராமரிப்பவர்.

சுவரில் இருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. வாசல் காவலாளி பேசினார். எங்களை வெளியிலிருந்து கதவைத் திறந்து உள்ளே விட்டவர் அவர்தான்.

"அம்மா, தம்பி மூஞ்சியக் காட்டும்போது பின்னால ஸ்டோர் அம்மாவையும் அது பாத்துருச்சு. நிறுத்தி வெச்ச ஆள் தப்பிக்கப் பாக்குறாங்கன்னு மொத்தமா பூட்டிக்கிச்சு. இனிமே முதலாளி மூஞ்சி வந்தாத்தான் திறக்கும். இல்லன்னா ஸ்டோர் அம்மாவ விட்டுறச் சொல்லி மெஷின்காரர் சொல்லணும்."

"கடப்பாரை இருக்கா?" என்று கேட்டேன்.

"எஃகுக் கதவு தம்பி."

சித்தி என் தலையில் லேசாகத் தட்டிவிட்டு ஸ்டோர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். குளிர் அறைக் கதவு முந்தாநாள் எடுத்த படம் அது. நீல அங்கி, தொப்பி, முகமூடி, தடித்த கறுப்பு ஃபிரேம் கண்ணாடி. மனிதர் என்று சொல்ல இரண்டு புருவமும் ஒரு ஜோடிக் கண்ணும் மட்டும் மிச்சம். கீழே ஸ்டோர் அம்மாவின் பெயர், தொண்ணூற்றேழு சதவீதப் பொருத்தம் என்ற குறிப்பு. ஸ்டோர் அம்மாவும் அதே மாதிரி தடித்த கண்ணாடிதான் போட்டிருந்தார்.

"இது நீங்களா?"

"காலையிலேருந்து அதையே பாத்துக்கிட்டிருக்கேன் மேடம். நானா இருக்குமோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு." அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். "இந்தக் கதவு எப்ப திறக்கும்?"

திருடர்கள் பொய் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சத்தியம் செய்து கேட்டிருக்கிறேன். தன்னையே சந்தேகப்படுகிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"மெஷின் இதுக்கு முன்னால உங்ககிட்ட ஏதாவது தகராறு பண்ணியிருக்கா?" சித்தி கேட்டாள்.

"தகராறுன்னு இல்ல. காலையில வாசல்ல மூஞ்சியக் காட்டினா, 'நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்'னு சொல்லும். தினமும் இல்ல, சில நாள்."

"நீங்க வெளிய நிக்கும்போதா?"

"ஆமா. ஆபீஸ்ல சொன்னேன். மெஷினே வந்துட்டேன்னு சொல்லுது, உனக்கு என்னம்மா கஷ்டம், சம்பளம் வந்துரும்னு சிரிச்சாங்க."

"நம்ம ஆபீஸ்லயும் ஒண்ணு மாட்டலாம் சித்தி. நான் வீட்டுல தூங்கும்போதே வந்துட்டேன்னு சொல்லும்," என்றேன்.

சித்தி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காவிட்டால் ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

நடைப் பக்கக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டை இருந்தது. அதில் ஒரு முகம் வந்து நின்றது. முதலாளியின் மனைவிக்குத் தம்பி. கிடங்கு மொத்தமும் அவரை 'மச்சான் சார்' என்றுதான் கூப்பிடும். சீவி விட்ட மீசை, கறுப்பு ஃபிரேம் கண்ணாடி, இஸ்திரி கலையாத சட்டை. காலையில் ஸ்டோர் அம்மாவின் முகத்தை நிறுத்தச் சொன்னவர் அவர்தான். நாங்கள் வந்தபோது வாசல் வரை வரவில்லை. உள்ளிருந்தபடியே போனில் வரவேற்றார்.

"என்ன மேடம், இப்படி ஆயிருச்சு," என்றார். குரல் கதவைத் தாண்டி மெலிதாகக் கேட்டது. "கவலப்படாதீங்க. மெஷின்காரனுக்குப் போன் போட்டு அந்தம்மா மூஞ்சிய விட்டுறச் சொல்லிட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணுமாம். சரின்னு சொல்லிருங்க."

"அவங்க வெளிய போயிருவாங்களே சார்."

"போகட்டும் மேடம். எங்க போயிருவாங்க, வீடு தெரியும்ல. பாவம், உள்ள மூச்சு முட்டும். நானும் மனுசன்தானே."

ஸ்டோர் அம்மா எழுந்துவிட்டார். நானும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். வெளியே போய் முதலில் ஒரு முழு மூச்சு விட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

"வேணாம் சார்," என்றாள் சித்தி. "நாங்க இப்படியே இருக்கோம்."

மச்சான் சாரின் முகத்தில் இருந்த மனிதாபிமானம் ஒரு கணம் வழுக்கியது. பிறகு பிடித்துக்கொண்டார். "உங்க இஷ்டம். ஆனா ரொம்ப நேரம் தாங்க மாட்டீங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"மேடம்." ஸ்டோர் அம்மாவின் குரல் உடைந்தது. "எனக்கு இங்க இருக்க முடியல. நெஞ்ச அடைக்குது. திறக்கிறேன்னு சொல்றாங்க, நீங்க வேணாம்ங்கறீங்க. நான் என்ன பாவம் பண்ணினேன்?"

எனக்கும் கோபம் வந்தது. "சித்தி, உனக்குப் பிடிச்சா நீ இரு. அவங்கள ஏன் வதைக்கிற?"

"இப்ப வெளிய போனா அவங்க திருடியாத்தான் போவாங்க," என்றாள் சித்தி. "டேய் வாலு, காலையில நிறுத்தச் சொன்னது யாரு?"

"மச்சான் சார்."

"இப்ப விடச் சொல்றது?"

"அவரேதான். இரக்கம் வந்திருக்கும்."

"காலையிலேருந்து ஒரு பொம்பள தனியா உள்ள உக்காந்திருந்தாங்க. அப்ப வராத இரக்கம் இப்ப எங்கேருந்து வந்துச்சு? நாம மாட்டினது அவருக்கு ஒரு சாக்கு. அவருக்கு வேண்டியது இவங்க மூஞ்சி பச்சையாகணும்."

அவள் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினாள். "காவலாளி அண்ணே, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்லம்மா. ஸ்டோர் அம்மாவோட பொண்ணு மட்டும் கேட்டுக்கு வெளிய நிக்குது. ஸ்கூல் விட்டு நேரா வந்திருச்சு. யாரோ சொல்லிட்டாங்க போல. அம்மாவ எப்ப விடுவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கு."

ஸ்டோர் அம்மா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். சித்தி அவர் தோளில் ஒரு கையை வைத்தபடியே மற்றக் கையால் பொத்தானை விடாமல் பேசினாள்.

"மச்சான் சார் இன்னிக்கு வெளிய போனாரா?"

"இல்லம்மா. விசாரணை முடியற வரைக்கும் நகர மாட்டேன்னுட்டாரு. சாப்பாடுகூட நான்தான் வெளிய கேன்டீன்ல வாங்கிக் குடுத்தேன். ஐஸ் தண்ணியும் கேட்டாரு."

"அவர் ரூம்ல ஃபிரிட்ஜ் இல்லையா?"

"இருக்கே. பெரிய ஃபிரிட்ஜ். எப்பவும் அதுலேருந்துதான் குடிப்பாரு. இன்னிக்கு ஏன் கேட்டாருன்னு தெரியல."

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் கார்?"

"கேட்டுக்கு வெளிய லாரிக்கு வழிய மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. எடுங்க சார்னு சொன்னேன். சாவிய ஜன்னல் வழியா என்கிட்ட போட்டுட்டாரு. அந்தக் காரத் துடைக்கக்கூட என்னை விட்டதில்ல."

"காலையில இவங்க மூஞ்சிய நிறுத்தினதுக்கு அப்புறம், அவர் வாசல் பக்கம் வரவே இல்லையா?"

"ஒரு தடவ வந்தாரு. மெஷின்கிட்ட நின்னாரு, சிவப்பு எரிஞ்சுச்சு. போன் வந்த மாதிரி காதுல வெச்சுக்கிட்டுத் திரும்பிட்டாரு."

"சிவப்பு," என்றாள் சித்தி மெதுவாக. "அண்ணே, மச்சான் சார் மூஞ்சிய மெஷின்ல யார் பதிஞ்சா?"

காவலாளி நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

"அண்ணே?"

"அவர் பதியலம்மா. கேமரா முன்னால நிக்கச் சொன்னதுக்கு, நான் என்ன கூலிக்காரனா, முதலாளி வீட்டு ஆளுன்னு சத்தம் போட்டாரு. அதோட யாரும் கேக்கல."

"அப்ப கதவு எப்படித் திறந்துச்சு?"

காவலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார். மெஷினுக்கு ஒரு முகம் சரியாகத் தெரியாவிட்டால், தனக்குத் தோன்றும் பெயரைத் திரையில் காட்டி 'இவரா?' என்று காவலாளியைக் கேட்கும். ஆமா, இல்லை என்று இரண்டு பொத்தான். மச்சான் சார் வரும் நேரம் பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்கும். அவரும் பல்லைக் கடிப்பார். 'இல்லை'யை அழுத்தினால் அவர் மறுபடி நிற்க வேண்டும். அதனால் காவலாளி திரையில் எந்தப் பெயர் இருக்கிறது என்று படிக்காமலே ஆமாவை அழுத்திவிடுவார்.

"கொஞ்ச நாள்ல அது கேக்கறதையே விட்டுருச்சும்மா. அவர் வந்தாலே பச்சை காட்டும். பாத்தியா, மெஷினுக்குக்கூட நான் யாருன்னு தெரியுதுன்னு சொல்லிச் சிரிப்பாரு. நானும் கத்துக்கிச்சுன்னு நினைச்சேன். எங்க அண்ணனுக்கு ஞாபக மறதி. வீட்ட விட்டுப் போய் எங்கயோ ஒரு பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கிடந்தாரு. இந்த மாதிரி ஒரு கேமராதான் அவரக் கண்டுபிடிச்சுக் குடுத்துச்சு. அதுலேருந்து இது சொன்னா நான் மறுபேச்சுப் பேசறதில்ல."

"நீங்க அத நம்புனீங்க. அது உங்கள நம்புச்சு," என்றேன். "நடுவுல ஒருத்தர் சும்மா நடந்து போயிருக்காரு."

சித்தியின் கைபேசி அடித்தது. மெஷின்காரர்.

"மேடம், மச்சான் சார் மறுபடி மறுபடி கூப்பிடறாரு. அந்தம்மாவ விட்டுறவா? ஒரு பட்டன்தான்."

"அதுக்கு முன்னால ஒரு உதவி. அந்தம்மா பேர்ல மெஷின் இதுவரைக்கும் கத்துக்கிட்ட மூஞ்சியெல்லாம் உங்ககிட்ட இருக்குமா?"

"இருக்கும். வாசல்ல யார் வந்தாங்கன்னு படம் சேமிக்கிறதில்ல, பேர் மட்டும்தான். ஆனா கத்துக்கிட்ட மாதிரிகள் உள்ள இருக்கும். யாரும் திறந்து பாக்கறதில்ல." விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "முதல் படம் அந்தம்மா. ரெண்டாவதும் அவங்கதான். மூணாவது..."

விசைகள் தட்டும் சத்தம் நின்றது.

"சொல்லுங்க," என்றாள் சித்தி.

"மேடம், அந்தம்மாவுக்கு மீசை உண்டா?"

ஸ்டோர் அம்மா அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் சிரிக்கத் தொடங்கி, அந்த அறையில் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

"கறுப்பு ஃபிரேம் கண்ணாடி, சீவி விட்ட மீசை," என்றார் மெஷின்காரர். "இதுக்கப்புறம் வர்றதெல்லாம் இவர்தான். ரெண்டு பேரையும் ஒரே பேர்ல படிச்சு வெச்சிருக்கு. முதல் தடவ அந்தக் கண்ணாடியப் பாத்துத்தான் குழம்பியிருக்கும்."

சித்தி ஸ்டோர் அம்மாவிடம் திரும்பினாள். "நீங்க வர்றதுக்கு முன்னாலயே நீங்க உள்ள இருந்தீங்கன்னு சொல்லுச்சே, அது இவர்தான். முந்தாநாள் நீங்க பஸ் ஏறினப்புறம் அங்கியும் முகமூடியும் மாட்டிக்கிட்டு குளிர் அறைக்குப் போனதும் இவர்தான். தனக்குத்தான் கதவு திறக்குதுன்னு நினைச்சிருக்காரு. பேர் உங்க பேர்ல விழும்னு அவருக்கே தெரியாது. விழுந்ததப் பாத்ததும் லாட்டரி அடிச்ச மாதிரி ஆயிருச்சு. நல்லவர் மாதிரி முந்திக்கிட்டு உங்க மூஞ்சிய நிறுத்தச் சொன்னாரு."

"நிறுத்தினது அவர் மூஞ்சியும்தான்," என்றேன். "சொந்தச் செலவுல தனக்கே பூட்டுப் போட்டுக்கிட்டாரு."

"வாசல்ல சிவப்பு எரிஞ்சதும் அவருக்குப் புரிஞ்சிருச்சு. அந்த மருந்து குளிர்ல இருக்கணும், கார்ல வெச்சா வெயில்ல வீணாயிரும். வாங்க ஆள் கிடைக்கற வரைக்கும்னு, முந்தாநாளிலேருந்து தண்ணி பாட்டிலையெல்லாம் எடுத்துட்டு மருந்த ஃபிரிட்ஜ்ல வெச்சிருக்காரு. இன்னிக்கு எடுத்துக்கிட்டுப் போகலாம்னா வாசல் அவர விட மாட்டேங்குது."

எனக்கு ஒரே குஷி. "அப்புறம் என்ன, இவங்கள விட்டுறச் சொல்லு. கேஸ் முடிஞ்சுது."

சித்தி கைபேசியைப் பார்த்துப் பேசினாள். "தம்பி, அந்தம்மாவ மட்டும் விட முடியுமா? மீசைக்காரர விடாம?"

"முடியாது மேடம். மெஷினுக்கு ரெண்டு பேரும் ஒரே ஆள். பிரிக்கணும்னா நான் நேர்ல வரணும், நாளைக்குத்தான் முடியும். இங்கேருந்து விட்டா ரெண்டு பேருக்கும் பச்சை."

"அண்ணே," சித்தி ஸ்பீக்கரில் கேட்டாள், "வாசல் கேட்ட ஒரு பூட்டுப் போட்டுப் பூட்ட முடியுமா?"

"பூட்டெல்லாம் மெஷின் வந்ததும் எடைக்குப் போட்டாச்சும்மா." குரல் தாழ்ந்தது. "மச்சான் சார் மெஷின் பக்கத்துல வந்து நிக்கறாரு. கையில ஒரு பெரிய பை இருக்கு. அவரத் தடுக்க எனக்கு தைரியம் இல்லம்மா. நாளைக்கு நானும் இங்க வேலை பாக்கணும்."

ஆக, மச்சான் சாருக்கும் தெருவுக்கும் நடுவே நின்றது ஸ்டோர் அம்மாவின் சிவப்பு விளக்கு மட்டும்தான். ஸ்டோர் அம்மாவை விட்டால் மச்சான் சாரும் போவார், பையும் போகும். அந்தப் படங்கள் மட்டும் மிஞ்சும். மெஷின் குழம்பிவிட்டது என்று அவர் ஒரு வார்த்தையில் அதைத் துடைத்துப் போடுவார். மருந்து கிடைக்காதவரை சந்தேகம் ஸ்டோர் அம்மாவின் மேல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். போலீஸ் வரும்போது பை மச்சான் சார் கையிலேயே இருக்க வேண்டும்.

"முதலாளி வர இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"பாதி வழியில இருக்காராம். இருட்டுறதுக்குள்ள வந்துருவார்." சித்தி கைபேசியை ஸ்டோர் அம்மாவின் பக்கம் நீட்டினாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. எந்த முடிவையும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பவள் அல்ல. "என் வார்த்தைதான்னு முதலாளி சொன்னாரு. ஆனா உள்ள இருக்கப் போறது நீங்க. காலையிலேருந்து நீங்கதான் தவிச்சீங்க. விடச் சொன்னா மெஷின்காரர் விட்டுருவாரு. உங்க மேல எந்தத் தப்பும் சொல்ல மாட்டேன்."

ஸ்டோர் அம்மா கைபேசியை வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, அங்கியின் நுனியால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் எவ்வளவு பயம் இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தச் சின்ன அறையில் மறைக்க இடமே இல்லை.

பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்து, கையை நீட்டி ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார்.

"அண்ணே, எம் பொண்ணு உக்கார ஒரு நாற்காலி போட்டுக் குடுங்க. அம்மா வர நேரமாகும்னு சொல்லுங்க."